‘அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்’: நோய் வந்த வீட்டில் பேசுவது எப்படி?

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் மண்டலப் புற்றுநோய் மையத்தை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆட்டோக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அது ஆர்.சி.சி.தான். 1981இல் தொடங்கிய இந்த மையத்துக்குக் கேரளத்துக்காரர்களோடு நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலி, தென்காசி பக்கத்து ஆட்களும் வருகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். காலையில் ரயில் ஏறினால் மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

அப்படி அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள் பலர், நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்வார்கள்: “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிருவாரு.”

பாசத்தில் சொல்வதுதான். ஆனால் வெளியே உட்கார்ந்திருக்கும் அப்பா, மையத்தின் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே வந்திருக்கிறார். அவர் பேரில் போட்ட சீட்டிலும் அந்தப் பெயர் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் முடி கொட்டிய தலையோடு உட்கார்ந்திருப்பவர்களையும் பார்க்கிறார். தனக்கு என்ன நோய் என்று ஊகிக்க அவருக்கு யார் உதவியும் தேவையில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை.

இந்தச் சிக்கலில் எப்படிப் பேசுவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. டாக்டர்களும் நர்ஸ்களும் அதைப் பயிற்சியாகவே கற்றுக்கொள்கிறார்கள். திருவனந்தபுரம் அப்படிப்பட்ட பயிற்சிக்குப் பேர் போன ஊர். இங்கே 2003இல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் தொடங்கிய பாலியம் இந்தியா, வலியைக் குறைக்கும் மருத்துவத்தோடு நோயாளியிடமும் குடும்பத்திடமும் பேசும் கலையையும் சொல்லித் தருகிறது. மயக்க மருந்து நிபுணரான அவர், 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்களோடு சேர்ந்து வலி தணிப்புச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கியவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். டாக்டர்களுக்கான அந்த முறையை வீட்டுப் பேச்சுக்குத் தகுந்தபடி பார்ப்போம்.

மறைத்தால் என்ன நடக்கிறது?

அமெரிக்கச் சமூகவியலாளர்கள் பார்னி கிளேசரும் அன்செல்ம் ஸ்ட்ராஸும் மருத்துவமனைகளில் இருந்து கவனித்து 1965இல் ஒரு நூல் எழுதினார்கள். மரணத்தை நெருங்கும் நோயாளிக்கும் சுற்றி இருப்பவர்களுக்கும் நடுவில் நான்கு நிலைகள் உண்டு என்பது அவர்கள் கண்டது. முதல் நிலையில் எல்லோருக்கும் தெரியும், நோயாளிக்குத் தெரியாது. இரண்டாவதில் நோயாளிக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நேரடியாகக் கேட்காமல் வாயைக் கிளறிப் பார்க்கிறார். மூன்றாவதில் இரு தரப்புக்கும் தெரியும், ஆனால் தெரியாததுபோல் இரு தரப்பும் நடிக்கிறது. நான்காவதில் வெளிப்படையாகப் பேசிக்கொள்கிறார்கள்.

நம் வீடுகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது மூன்றாவது நிலையில். மகன் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து, “அல்சர்தான்பா, ரெண்டு மாசத்துல சரியாகிரும்” என்கிறான். மகன் வருத்தப்படக் கூடாதே என்று அப்பாவும் “ஆமா, பசிகூட இப்ப பரவால்ல” என்கிறார். ஒருவரை ஒருவர் காப்பாற்றப் போய் இருவரும் தனித்தனியாகப் பயப்படுகிறார்கள். வங்கிக் கணக்கு, கொடுக்கல் வாங்கல், மகள் கல்யாணம், பேசாமல் இருக்கும் தம்பியோடு ஒரு சமாதானம் என்று அவர் முடிக்க நினைத்த காரியங்கள் அப்படியே கிடக்கின்றன. சிகிச்சையிலும் சிக்கல் வரும். அல்சருக்கு ஏன் முடி கொட்டுகிறது, ஏன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி என்று அவர் கேட்டால் ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய் அடுக்க வேண்டும்.

அப்படியானால் போட்டு உடைத்துவிடுவதா? அதுவும் தவறு. எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், பிள்ளைகளிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று மனதார நினைக்கிற நோயாளிகள் உண்டு. அது அவர்கள் உரிமை. அவர்கள் காதில் போய் ரிப்போர்ட்டை வாசிப்பது நேர்மை ஆகாது.

டாக்டர்களின் வழக்கமே ஒரு தலைமுறைக்குள் தலைகீழாக மாறியிருக்கிறது. 1961இல் டொனால்ட் ஓகென் என்ற அமெரிக்க மருத்துவர் தன் சக டாக்டர்களிடம் கேட்டபோது, புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதே தங்கள் பழக்கம் என்றவர்கள் 90 விழுக்காடு. 1979இல் அதேபோன்ற கேள்விகளுக்குச் சொல்வதையே விரும்புவதாகப் பதில் தந்தவர்கள் 97 விழுக்காடு. இந்த மாற்றத்தோடு இன்னொன்றும் புரிந்தது: சொல்லலாமா கூடாதா என்பதை டாக்டரோ மகனோ தீர்மானிக்க வேண்டியதில்லை. எவ்வளவு தெரிய வேண்டும் என்று நோயாளியையே கேட்கலாம். நயமாகப் பேசுவதன் அடிப்படை அதுதான்.

ஆறு படிகள்

2000இல் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலான மருத்துவர்கள் வெளியிட்ட ‘ஸ்பைக்ஸ்’ என்ற முறை உலகெங்கும் டாக்டர்களுக்குச் சொல்லித் தரப்படுகிறது. அதில் ஆறு படிகள். வீட்டில் அம்மாவிடமோ அப்பாவிடமோ பேசவும் அவை அப்படியே பொருந்தும்.

*ஒன்று, இடம்.* ஆஸ்பத்திரி வராந்தா வேண்டாம், திரும்பி வரும் ரயிலும் வேண்டாம். வீட்டில், டிவியை அணைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்காருங்கள். கட்டில் பக்கத்தில் நின்றபடி பேசினால் கிளம்பப் போகிறீர்கள் என்று அவருக்குத் தோன்றும். யார் கூட இருக்க வேண்டும் என்று அவரையே கேளுங்கள். “அம்மாவும் கூட இருக்கட்டுமாப்பா?”

*இரண்டு, அவருக்குத் தெரிந்தது என்ன?* “டாக்டர் பேசினதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுது?” அல்லது “உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பல வீடுகளில் மகன் ஒரு மாதமாக மூடி வைத்த விஷயத்தை அப்பா ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

*மூன்று, எவ்வளவு தெரிய வேண்டும்?* இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், நாம் அடியோடு விட்டுவிடுவதும் இதைத்தான். “ரிப்போர்ட்ல இருக்கிறத முழுசா சொல்லட்டுமா, இல்ல அடுத்து என்ன செய்யணும்கிறத மட்டும் பேசுவோமா?” என்று கேளுங்கள். பதில் மூன்று விதமாக வரலாம். “எல்லாத்தையும் சொல்லு” என்றால் அடுத்த படிக்குப் போகலாம். “அதெல்லாம் நீயே பாத்துக்க” என்றால், “சரிப்பா, எப்ப தெரிஞ்சுக்கணும்னு தோணுதோ அப்ப கேளுங்க” என்று கதவைத் திறந்தே வையுங்கள். இன்று வேண்டாம் என்றவர் அடுத்த வாரம் கேட்கலாம். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால் அதுவும் ஒரு பதில்தான், இன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.

*நான்கு, சொல்வது.* முதலில் மனதைத் தயார்ப்படுத்த ஒரு வரி: “நாம எதிர்பார்த்த மாதிரி ரிப்போர்ட் வரலப்பா.” கொஞ்சம் பொறுத்து அடுத்த வரி. தெரிந்துகொள்ள விரும்பும் ஆளிடம் ‘கட்டி’, ‘புண்’, ‘அந்த வியாதி’ என்று சுற்றி வளைக்காமல் ‘கேன்சர்’ என்ற சொல்லை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சுற்றி வளைத்தால் சொல்லவே கூசும் அளவுக்கு நிலைமை மோசம் என்று அவர் எடுத்துக்கொள்வார். எத்தனை மாதம் என்ற கணக்கை நீங்கள் ஊகித்துச் சொல்லாதீர்கள். அது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, அவராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது.

*ஐந்து, அழுகைக்கு இடம்.* கேட்டதும் அழலாம், கோபப்படலாம், உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். “அழாதீங்க” என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். “இத கேக்கிறது கஷ்டமாத்தான்பா இருக்கும்” போதும். பேசாமல் பக்கத்தில் இருப்பதும் போதும். இந்த நேரத்தில் சொல்லும் மருந்துப் பெயரோ தேதியோ அவர் காதில் ஏறாது.

*ஆறு, அடுத்து என்ன?* பேச்சைப் பாதியில் தொங்கவிடாதீர்கள். “புதன்கிழமை டாக்டரப் பாக்கிறோம். அவர்கிட்ட கேக்க வேண்டியதெல்லாம் ஒரு தாள்ல எழுதிக்குவோம். நான் கூட வரேன்.” சின்னக் காரியம்தான், ஆனால் நாளைக்கு என்ன என்பது தெரிந்துவிட்டால் பயம் ஓரளவு அடங்கும்.

மறைக்கச் சொல்லும் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

வீட்டில் ஒருவர் சொல்லலாம் என்பார், இன்னொருவர் கூடவே கூடாது என்பார். கூடாது என்பவரைத் திட்டிப் பயனில்லை. இங்கிலாந்தின் பீட்டர் மகுவையரும் ஆன் ஃபால்க்னரும் 1988இல் எழுதிய வழிமுறை இன்றும் பயன்படுகிறது. முதலில் அவர் பயத்தைக் கேட்பது, பிறகு மறைப்பதால் அவர் படும் பாட்டைக் கேட்பது, கடைசியாக நோயாளியிடம் பேச அனுமதி கேட்பது. பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவருக்கும் மகனுக்கும் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?”

“சாப்பாட விட்டுருவாரு சார். எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு.”

“உங்க பயம் எனக்குப் புரியுது. இத மறைச்சு வச்சிருக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு?”

“தூக்கமே இல்ல சார். போன் வந்தா மொட்டமாடிக்குப் போய்த்தான் பேசுறேன்.”

“அப்பா அதக் கவனிச்சிருப்பாருன்னு நினைக்கிறீங்களா?”

“...இருக்கலாம் சார்.”

“நானா போய் அவர்கிட்ட எதையும் சொல்ல மாட்டேன். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியணும்னு மட்டும் கேக்கிறேன். ஆனா அவரே நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். நீங்களும் பக்கத்துல இருங்க. சரியா?”

இந்தப் பேச்சில் டாக்டர் எங்கேயும் வாதாடவில்லை என்பதைக் கவனியுங்கள். சட்டமும் பேசவில்லை. மகன் பயத்துக்கு மதிப்புக் கொடுத்தார், தான் என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன் என்று உறுதி சொன்னார். அண்ணன் தம்பிக்குள் இதே பிரச்சினை வந்தாலும் இந்த வரிசையில் பேசிப் பாருங்கள்.

மொழி ஒரு தடங்கல்

தமிழ்க் குடும்பமும் மலையாள டாக்டரும் ஒருவருக்கொருவர் முக்கால்வாசி புரிந்துகொண்டுவிடுவார்கள். ஆபத்து மீதிக் கால்வாசியில்தான். கேட்டது எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வெளியே வந்து ஆளுக்கொரு விளக்கம் சொல்வது வழக்கமாக நடப்பது. அறையை விட்டு எழுவதற்கு முன் “நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான், சரியா டாக்டர்?” என்று திருப்பிச் சொல்லுங்கள்.

கல்லூரியில் படிக்கும் மகளுக்கு மலையாளமும் இங்கிலீஷும் வரும் என்பதற்காக அவளை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அப்பாவின் நிலைமையை எல்லோருக்கும் முன்னால் அவள் கேட்க வேண்டி வரும், அதைத் தன் வாயாலேயே சொல்லவும் வேண்டி வரும். பாதியை விழுங்கிவிடத்தான் தோன்றும். தமிழ் பேசும் நர்ஸோ ஊழியரோ இருக்கிறாரா என்று கேட்பதில் தவறே இல்லை.

பார்க்க வருகிறவர்களுக்கு

ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வருகிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. என்ன பேசுவதென்று தெரியாத பதற்றத்தில் வாய் தவறிவிடுகிறது. அடிக்கடி கேட்கும் வசனங்கள் சில:

“எவ்வளவு நாள் குடுத்திருக்காங்க?” இது நோயாளி காதில் விழும் தூரத்தில் கேட்கக் கூடாத கேள்வி. வாசலில் நின்று மனைவியிடம் கேட்பதும் தேவையில்லாதது.

“எங்க ஓரகத்தி அண்ணனுக்கும் இதேதான், மூணே மாசம்...” அடுத்தவர் கதை இங்கே உதவாது. ஒரே பெயருள்ள நோய் என்றாலும் வகையும் கட்டமும் ஆளுக்கு ஆள் வேறு.

“பீடிய விடுன்னு அன்னைக்கே சொன்னேன்.” அவர் தன்னைத்தானே நூறு முறை திட்டிக்கொண்டிருப்பார். நூற்றியோராவது தடவைக்கு நீங்கள் வேண்டாம்.

“ரொம்ப எளைச்சிட்டீங்களே!” கண்ணாடி அந்த வீட்டிலும் இருக்கிறது.

“ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க.” கேட்க நல்ல வார்த்தைதான். ஆனால் பயமாக இருக்கிறது என்று சொல்ல வந்தவர் வாயை அது அடைத்துவிடும்.

“ஒரு வைத்தியர் இருக்காரு, மூணு பொட்டலம் மருந்துல சரியாயிரும்.” இதை நம்பி நடுவில் சிகிச்சையை நிறுத்திவிட்டால் இழப்பு பெரிது.

இவற்றுக்குப் பதிலாக என்ன சொல்லலாம்? “இன்னைக்கு எப்படி இருக்கு?” என்று கேட்கலாம். ‘இன்னைக்கு’ என்று சேர்த்தால் கேள்வி சின்னதாகி, பதில் சொல்ல வசதியாக இருக்கும். “நோயப் பத்திப் பேசணுமா, வேற ஏதாவது பேசுவோமா?” என்றும் கேட்கலாம். கிரிக்கெட், பேரன், தோட்டத்து வாழை என்று பழையபடி பேச ஒரு ஆள் கிடைத்தால் பல நோயாளிகளுக்கு அதுவே பெரிய ஆறுதல். “ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க” என்பதை விட, “வியாழக்கிழமை ஆர்.சி.சி. போறப்ப நான் வண்டி எடுத்துட்டு வரேன்”, “சாயந்தரம் பிள்ளைங்கள நான் ஸ்கூல்ல இருந்து கூட்டியாரேன்” என்று காரியமாகச் சொல்லுங்கள். உதவி கேட்பது நம் ஆட்களுக்குக் கூச்சம். செய்கிறேன் என்று சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

அமெரிக்க உளவியலாளர் சூசன் சில்க், பாரி கோல்ட்மன் இருவரும் 2013இல் ஒரு நாளிதழில் எழுதிய எளிய விதி ஒன்று உண்டு. வட்டத்துக்கு நடுவில் நோயாளி. அடுத்த வட்டத்தில் கணவன், மனைவி, பிள்ளைகள். அதற்கு வெளியே உறவினர், பிறகு நண்பர், பிறகு அண்டை அயல். உள்வட்டத்தைப் பார்த்து ஆறுதல் மட்டும் சொல்லுங்கள். உங்கள் அழுகை, பயம், புலம்பல் எல்லாம் வெளிவட்டத்தில் இருப்பவரிடம் போகட்டும். அக்காவுக்கு நோய் என்றால் தங்கை தன் தோழியிடம் அழலாம். அக்கா மடியில் விழுந்து அழுதால் நோயாளி எழுந்து ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும்.

கடினமான கேள்வி வந்தால்

“நான் பிழைச்சிருவேனாம்மா?” ராத்திரி பதினோரு மணிக்கு, விளக்கு அணைத்த பிறகு இந்தக் கேள்வி வரும். “சும்மா அதையே நினைக்காதீங்க” என்று அடக்காதீர்கள். “ஏன்பா இப்ப அப்படித் தோணுது?” என்று கேளுங்கள். சாவைப் பற்றிய பயமாக இருக்கலாம். இரவில் வலி கூடியிருக்கலாம். கடன் பத்திரம் நினைவுக்கு வந்திருக்கலாம். காரணம் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். “அது எனக்குத் தெரியலப்பா. ஆனா வலி இல்லாம பாத்துக்கலாம், நான் கூடவே இருப்பேன்.” இந்த வாக்குறுதியில் முதல் பாதி வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. புற்றுநோயின் கடுமையான வலியைப் பெருமளவு அடக்க மார்ஃபின் மாத்திரை இருக்கிறது, விலையும் குறைவு. அதை டாக்டர்கள் தருவதற்குத் தடையாக இருந்த போதைப்பொருள் சட்டக் கெடுபிடிகள் 2014 திருத்தத்தில் தளர்த்தப்பட்டன.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் விட்டுவிடாதீர்கள். தான் குறும்பு செய்ததால்தான் தாத்தாவுக்கு நோய் வந்தது என்று நினைக்கும் குழந்தைகள் உண்டு. உன்னால் வரவில்லை, இது ஒட்டாது, உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம் என்ற மூன்றையும் அவர்களுக்குப் புரிகிற வார்த்தையில் சொல்லுங்கள்.

யாரிடம் உதவி கேட்கலாம்?

கேரளம் 2008இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதல். அதன்பின் பஞ்சாயத்துகளின் ஏற்பாட்டில் நர்ஸ்கள் வீடு தேடி வருகிறார்கள். புண்ணுக்கு மருந்து போடுவதோடு உட்கார்ந்து பேசுவதும் அவர்கள் வேலை. கேரளத்தில் இருந்தால் உங்கள் பஞ்சாயத்து அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாலியேட்டிவ் (வலி தணிப்பு) நர்ஸைக் கேளுங்கள். அரசின் ‘திஷா’ உதவி எண் 1056. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே வந்து செய்யும் வலி தணிப்புச் சேவை உண்டு. மனது தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இது நோயாளிக்கு மட்டும் இல்லை, கூட இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கும்தான்.

இவ்வளவும் படித்த பிறகும் ஒருநாள் தவறாக ஏதாவது சொல்லிவிடுவீர்கள். அதற்குப் பயந்து அந்த வீட்டுப் பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள். மறுநாள் போய், “நேத்து நான் அப்படிப் பேசினது சரியில்லண்ணே, மனசுல வச்சுக்காதீங்க” என்று சொன்னால் அநேகமாக அவர் சிரித்துவிடுவார். தவறான வார்த்தையைத் திருத்திக்கொள்ளலாம். நோய் வந்த நாளிலிருந்து நண்பர் வரவே இல்லை என்ற வருத்தத்துக்குத்தான் பின்னால் மருந்து கிடைப்பதில்லை.